ஃபேட்டி லிவருக்கு எடையைக் குறைக்கணும், எலும்பும் பலமில்ல: எந்த வழியில போறது?

ஒரு கையில அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட், கிரேடு 2 ஃபேட்டி லிவர்னு போட்டிருக்கு. இன்னொரு கையில எலும்பு அடர்த்தி ரிப்போர்ட், டி ஸ்கோர் (இளவயசு ஆரோக்கியமான எலும்போட ஒப்பிட்டுச் சொல்ற நம்பர், மைனஸ் கூடக் கூட அடர்த்தி குறைவு) மைனஸ் 2-ன்னு இருக்கு. லிவர் டாக்டர் எடையைக் குறைங்கன்னு சொல்றார், எலும்பு டாக்டர் எடை வேகமா குறைஞ்சா எலும்பும் கூடவே போகும், பாத்துன்னு சொல்றார். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், அதனாலதான் நடுவுல நிக்கற ஆளுக்கு தலை சுத்துது. இந்தக் குழப்பத்துல இருக்கற நிறைய பேர் "டயட்டா, நடையா, ஜிம்மா, ஊசியா, எதுக்குப் போறது"ன்னு கேக்கறாங்க, அவங்களுக்காகத்தான் இதை எழுதறேன்.

எங்க அக்காவுக்கு 54 வயசு, மாதவிடாய் நின்னு நாலு வருஷம். ஃபேட்டி லிவர்னு சொன்ன அன்னிக்கே பயந்து போய் சாப்பாட்டைப் பாதிக்குப் பாதி குறைச்சா, நாலு மாசத்துல 11 கிலோ இறங்குச்சு, எஸ்ஜிபிடி (லிவர் பாதிப்பைக் காட்டற ரத்தப் பரிசோதனை) நார்மலுக்கு வந்துச்சு, வீட்டுல எல்லாரும் பாராட்டினோம், நானும்தான். அடுத்த ரெண்டு மாசத்துல ஒரு நாள் பாத்ரூம் வாசல் மிதியடி வழுக்கி வலது கையை ஊனி விழுந்தா, மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. மாடிலேர்ந்து விழல, வண்டிலேர்ந்து விழல, நின்ன இடத்துல விழுந்ததுக்கே எலும்பு முறியுதுன்னா அது எலும்பு பலம் போன அறிகுறி. அப்புறம்தான் டெக்ஸா (எலும்பு அடர்த்தியை அளக்கற ஸ்கேன்) எடுத்தோம், இடுப்புல மைனஸ் 2.6. எடை குறைக்கறதுக்கு முன்னாடி ஒரு டெக்ஸா எடுத்திருந்தா எவ்வளவு ஏற்கனவே போயிருந்துச்சு, எவ்வளவு அந்த டயட்டுல போச்சுன்னு தெரிஞ்சிருக்கும், எடுக்கல, யாரும் எடுக்கச் சொல்லவும் இல்ல.

## முதல்ல, லிவருக்கும் எலும்புக்கும் என்ன சம்பந்தம்

தோல்ல உண்டாகற, மாத்திரையில உள்ள போற வைட்டமின் டி-யை உடம்பு பயன்படுத்தற மாதிரி மாத்தற வேலையோட முதல் கட்டம் லிவர்லதான் நடக்குது (ரெண்டாவது கட்டம் கிட்னில). எலும்பு கட்டற செல்களைத் தூண்டற ஐஜிஎஃப்-1 ஹார்மோன்ல பெரும்பங்கு லிவர்லேர்ந்துதான் ரத்தத்துக்கு வருது. லிவர் கொழுப்பு சேர்ந்து உள்ளுக்குள்ள அழற்சியோட இருந்தா டிஎன்எஃப் ஆல்ஃபா, இன்டர்லூக்கின்-6 மாதிரி பொருள்கள் ரத்தத்துல ஏறும், இதுங்க எலும்பைக் கரைக்கற செல்களை முடுக்கி விடும். இன்சுலின் சரியா வேலை செய்யாத உடம்புல எலும்போட தரமும் கெடுது, டைப் 2 சர்க்கரை இருக்கறவங்களுக்கு டெக்ஸா நம்பர் நல்லா இருந்தும் எலும்பு முறியறது இதனாலதான்.

ஆனா ஒண்ணை நேர்மையா சொல்லணும். ஃபேட்டி லிவர் இருக்கற எல்லாருக்கும் எலும்பு அடர்த்தி குறைவுன்னு ஆராய்ச்சிகள் ஒரே குரல்ல சொல்லல. சிலதுல குறைவு, சிலதுல வித்தியாசம் இல்ல, சிலதுல கூடுதல்னு கூட வந்திருக்கு, ஏன்னா உடம்பு எடை அதிகமா இருந்தா அந்தப் பாரத்தைத் தாங்கித் தாங்கி எலும்பு கொஞ்சம் அடர்த்தியாவே இருக்கும். அதனால "ஃபேட்டி லிவர் வந்துடுச்சு, எலும்பு போச்சு"ன்னு பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டிய இடம் வேற, அதுக்குப் பண்ற வைத்தியத்துல எலும்பை யாரும் கணக்குல எடுக்காம விடறதுதான்.

இன்னொரு சின்ன விஷயம், பேச்சு வழக்குல எலும்பு தேய்மானம்னு மூட்டு வலிக்கும் சொல்றோம், எலும்பு அடர்த்தி குறையறதுக்கும் சொல்றோம். ரெண்டும் வேற. இங்க நான் சொல்றது அடர்த்தி குறையறது, அது வலிக்காது, முறியற வரைக்கும் தெரியாது.

## எதை வச்சு ஒப்பிடறோம்

அஞ்சு கேள்வி. லிவர் கொழுப்பும் தழும்பும் (அழற்சி நாள்பட்டு லிவர்ல விழற வடு) எவ்வளவு குறையும்? இடுப்பு எலும்பும் தசையும் எவ்வளவு போகும்? விழற ஆபத்து கூடுமா குறையுமா? நிறுத்தினா என்ன ஆகும்? இது உங்க வயசுக்கும் உங்க லிவர் நிலைக்கும் பொருந்துமா?

எடை கணக்கு இதுதான்: 3 முதல் 5 சதவீதம் குறைஞ்சா லிவர் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும், 7 முதல் 10 சதவீதம் குறைஞ்சா அழற்சி அடங்கும், 10 சதவீதத்தைத் தாண்டினா தழும்பு கூட பின்வாங்க வாய்ப்பிருக்கு. 80 கிலோ ஆளுக்கு 10 சதவீதம்னா 8 கிலோ. அந்த 8 கிலோவும் கொழுப்பா போகுதா இல்ல தசையும் எலும்பும் சேர்ந்து போகுதாங்கறதைத்தான் கீழ வர்ற ஒவ்வொரு வழியும் தீர்மானிக்குது, எடை மெஷின் இதைச் சொல்லாது.

## வழி 1: சாப்பாட்டை மட்டும் குறைக்கறது

லிவருக்கு இது வேலை செய்யும், சந்தேகமே வேண்டாம். எந்த டயட்டா இருந்தாலும் எடை இறங்கினா லிவர் கொழுப்பு இறங்கும். அதனாலதான் எல்லாரும் இங்கயே நிக்கறாங்க.

எலும்புக்கு இதுதான் ரொம்ப மோசமான பேரம். எடை குறையும்போது எலும்பு மேல விழற பாரம் குறையுது, தசையும் கரையுது, ஈஸ்ட்ரோஜன் இன்னும் கொஞ்சம் குறையுது, சாப்பாடு குறையறதால கால்சியமும் புரோட்டீனும் சேர்ந்தே குறையுது. 10 சதவீத எடைக்கு இடுப்பு எலும்புல 1 முதல் 2 சதவீதம் வரைக்கும் போகும். கேக்கறதுக்குச் சின்ன நம்பர், ஆனா ஏற்கனவே மைனஸ் 2-ல நிக்கறவங்களுக்கு அது சின்னது இல்ல.

மறைஞ்சிருக்கற செலவு என்னன்னா, டயட்டை விட்டா எடை திரும்ப வரும், ஆனா கொழுப்பாதான் வரும், போன எலும்பு அதே அளவுக்குத் திரும்பறதில்ல. அப்ப ஒவ்வொரு தடவை குறைச்சு ஏத்தும்போதும் எலும்பு ஒரு படி கீழ இறங்குது. வாரத்துக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல இறக்கினா பித்தப்பைக் கல் வர்ற ஆபத்து வேற கூடும்.

யாருக்கு ஓகே: 40 வயசுக்குக் கீழ, எலும்பு நல்லா இருக்கு, குறைக்க வேண்டியது ஒரு 3, 4 கிலோ மட்டும்தான், புரோட்டீனைக் குறைக்காம சர்க்கரை, இனிப்பு பானம், பொரிச்சதை மட்டும் நிறுத்தறாங்கன்னா ஓகே.

## வழி 2: டயட்டோட நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல்

வாரத்துக்கு 150 நிமிஷம் மூச்சு வாங்கற அளவுக்கு நடந்தா, எடை ஒரு கிலோ கூட குறையலைன்னாலும் லிவர் கொழுப்பு குறையும். இது நிறைய பேருக்குத் தெரியாது, ரெண்டு மாசம் நடந்து மெஷின்ல முள்ளு அசையலைன்னு விட்டுடறாங்க, விடாதீங்க.

ஆனா எலும்புக்கு? 2017-ல 65 வயசைத் தாண்டின, உடல் பருமன் உள்ள 160 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. டயட் பண்ணவங்களை மூணு குரூப்பா பிரிச்சு ஒரு குரூப்புக்கு நடை மாதிரி ஏரோபிக் பயிற்சி மட்டும், ஒரு குரூப்புக்கு வெயிட் பயிற்சி மட்டும், ஒரு குரூப்புக்கு ரெண்டும் கொடுத்தாங்க. ஆறு மாசத்துல மூணு குரூப்புமே ஏறக்குறைய 9 சதவீதம் எடை குறைஞ்சாங்க. இடுப்பு எலும்பு அடர்த்தி ஏரோபிக் குரூப்புக்கு 3 சதவீதம் போச்சு, ரெண்டும் பண்ணவங்களுக்கு 1 சதவீதம், வெயிட் மட்டும் தூக்கினவங்களுக்கு அரை சதவீதம். அதே எடை, அதே ஆறு மாசம், எலும்பு கொடுத்த விலை மட்டும் ஆறு மடங்கு வித்தியாசம். இந்த ஒரு கணக்கைப் பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு இந்த விஷயத்துல கண்ணு திறந்துச்சு.

நடை கெட்டதுன்னு சொல்லல, இதயத்துக்கும் சர்க்கரைக்கும் லிவருக்கும் அது தேவை. தினமும் நடந்து பழகின எலும்புக்கு அதே நடை புதுப் பாரமா தெரியாது, அவ்வளவுதான். சைக்கிள்லயும் நீச்சல்லயும் உடம்பு எடையை எலும்பு தாங்கறதே இல்ல.

யாருக்கு ஓகே: இதுவரைக்கும் எந்த அசைவும் இல்லாம இருந்தவங்க தொடங்கறதுக்கு, முட்டி வலி இருக்கறவங்க, சர்க்கரையும் பிரஷரும் சேர்ந்து இருக்கறவங்க. ஆனா இங்கயே நின்னுடாதீங்க.

## வழி 3: மெதுவா எடை குறைச்சு, கூடவே வெயிட் தூக்கறது

என் ஓட்டு இதுக்குத்தான், அதனால இதை மத்ததை விடக் கொஞ்சம் நீட்டிச் சொல்றேன்.

வெயிட் பயிற்சியும் லிவர் கொழுப்பைக் குறைக்கும், நடை அளவுக்கு மூச்சு வாங்காமயே. தசை கூடினா சாப்பாட்டுல வர்ற சர்க்கரையை இழுத்துக்க இடம் கூடுது, லிவருக்குப் போய்க் கொழுப்பா மாற வேண்டியது குறையுது. எலும்பு பக்கம் பாத்தா, தசை எலும்பை இழுக்கற இழுப்புதான் "இந்த இடத்துல பலம் வேணும்"னு எலும்புக்குப் போற தகவல். ஆஸ்திரேலியால எலும்பு அடர்த்தி குறைஞ்ச, மாதவிடாய் நின்ன 101 பெண்களை வச்சு வாரம் ரெண்டு தடவை, தடவைக்கு அரை மணி நேரம், நல்ல கனமான வெயிட்டைத் தூக்க வச்சுப் பாத்தாங்க, எட்டு மாசத்துல முதுகெலும்பு அடர்த்தி ஏறக்குறைய 3 சதவீதம் ஏறுச்சு, லேசான பயிற்சி பண்ணவங்களுக்கு 1 சதவீதத்துக்கு மேல இறங்குச்சு. ஆனா அது முழுக்க பயிற்சியாளர் பக்கத்துல நின்னு கத்துக்கொடுத்து நடந்தது, அதைப் படிச்சுட்டு வீட்டுல நாளைக்கே பெரிய வெயிட்டைத் தூக்காதீங்க.

மறைஞ்சிருக்கற செலவு இருக்கு. முதல் ரெண்டு மூணு மாசம் எடை மெஷின் உங்களைச் சோர்வடைய வைக்கும், ஏன்னா கொழுப்பு போற இடத்துல தசை ஏறுது. முறை தப்பினா முதுகு பிடிக்கும், தோள்பட்டை வலிக்கும். முதுகெலும்பு ஏற்கனவே அமுங்கி இருக்கறவங்க குனிஞ்சு தூக்கறது ஆபத்து. சிரோசிஸ் (லிவர் முழுக்க தழும்பாகி இறுகிப் போற நிலை) வரைக்கும் போனவங்களுக்கு உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் வீங்கி இருக்கலாம், அவங்க எண்டோஸ்கோப்பி பாத்து டாக்டர் சரின்னு சொன்ன பிறகுதான் கனத்தைத் தொடணும். புரோட்டீனும் வேணும், வயசானவங்களுக்கு உடம்பு எடை கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் ஒரு நாளைக்கு. லிவர் நோய்னா புரோட்டீனைக் குறைக்கணும்னு ஒரு பழைய பேச்சு இருக்கு பாருங்க, அது தப்பு, சிரோசிஸ் இருக்கறவங்களுக்கே இப்ப 1.2 முதல் 1.5 கிராம் சாப்பிடத்தான் சொல்றாங்க. கிட்னி பிரச்சினை இருந்தா மட்டும் அளவை டாக்டர் சொல்லட்டும்.

யாருக்கு: மாதவிடாய் நின்ன பெண்கள், 60 தாண்டின ஆண்கள், டி ஸ்கோர் மைனஸ் 1-க்குக் கீழ இருக்கறவங்க, அப்புறம் எடையே அதிகம் இல்லாம ஃபேட்டி லிவர் வந்தவங்க. இந்தக் கடைசி ஆளுங்களுக்கு குறைக்கறதுக்கு எடை அதிகம் இல்ல, ஆனா 3 முதல் 5 சதவீதம் குறைஞ்சாலே லிவருக்கு உதவும், அதைப் பயிற்சியோட சேர்த்து மெதுவாப் பண்ணணும்.

## வழி 4: வாரம் ஒரு ஊசி

செமாக்ளூடைட் ஊசிக்கு 2025 ஆகஸ்ட்ல அமெரிக்க எஃப்டிஏ (மருந்துகளுக்கு அனுமதி கொடுக்கற அரசு அமைப்பு), அழற்சியோட மிதமான அல்லது முத்தின தழும்பு (சிரோசிஸ் இல்லாம) இருக்கற ஃபேட்டி லிவருக்கு அனுமதி கொடுத்துச்சு. அந்த ட்ரையல்ல 63 சதவீதம் பேருக்கு அழற்சி அடங்குச்சு, மருந்து இல்லாத டம்மி ஊசி போட்டவங்கள்ல 34 சதவீதம். லிவர் கணக்குல பலமான மருந்து, எனக்கு அதுல மறுப்பே இல்ல.

எலும்புக்கு இங்கயும் அதே கதைதான், பசி குறைஞ்சு எடை வேகமா இறங்கும்போது தசையும் எலும்பும் சேர்ந்து இறங்கும். இதே குடும்பத்தைச் சேர்ந்த லிராக்ளூடைட் ஊசியை வச்சு டென்மார்க்ல 195 பேர்கிட்ட பண்ண ஆராய்ச்சி 2024-ல வந்துச்சு. ஊசி மட்டும் போட்டவங்களுக்கு இடுப்பு, முதுகு ரெண்டு இடத்துலயும் அடர்த்தி குறைஞ்சுது, ஊசியோட உடற்பயிற்சியும் பண்ணவங்க அதிகமா எடை குறைஞ்சும் எலும்பைக் காப்பாத்திக்கிட்டாங்க. அப்ப ஊசியா பயிற்சியாங்கற கேள்வியே தப்பு. ஊசி போட்டா பயிற்சி ரெண்டு மடங்கு அவசியம்.

மறைஞ்சிருக்கற செலவு: குமட்டல்ல சாப்பாடு உள்ள போகாது, முதல்ல கை விடறது புரோட்டீனைத்தான். நிறுத்தினா எடை பெரும்பாலும் திரும்பும். பித்தப்பைக் கல்லும் கொஞ்சம் கூடும்.

யாருக்கு: தழும்பு ஏற்கனவே இருக்கு, சர்க்கரையும் உடல் பருமனும் இருக்கு, டயட் பல தடவை முயற்சி பண்ணியும் முடியலைன்னா. ஒல்லியா, வயசாகி, தள்ளாடி நடக்கறவங்களுக்கு இது வேண்டாம்.

## வழி 5: மாத்திரைகள்

பயோகிளிட்டசோன். சர்க்கரை மாத்திரை, ரொம்ப வருஷமா இருக்கு, லிவர் அழற்சிக்கும் நல்லா கேக்கும். ஆனா எலும்பு பிரச்சினை இருக்கற பெண்கள் இந்தப் பேரை ஞாபகத்துல வச்சுக்கணும். எலும்பு கட்டற செல்லா மாற வேண்டிய மூல செல்களை இது கொழுப்பு செல் பக்கம் திருப்பி விடுது. பெண்களுக்கு முன்கை, கை, கணுக்கால், பாதம் இந்த இடங்கள்ல முறிவு கூடுதுன்னு 2007-லயே எச்சரிக்கை வந்துடுச்சு. எடையும் சில கிலோ ஏறும், கால் வீங்கும், இதயம் பலவீனமானவங்களுக்கு ஆகாது. சர்க்கரை இருக்கற, எலும்பு நல்லா இருக்கற ஆளுக்கு யோசிக்கலாம். அக்கா மாதிரி ஆளுக்கு ஏற்கனவே ஓடிக்கிட்டிருந்தா தானா நிறுத்த வேண்டாம், டாக்டர்கிட்ட டெக்ஸா ரிப்போர்ட்டைக் காட்டி மாத்தலாமான்னு கேளுங்க.

வைட்டமின் ஈ. சர்க்கரை இல்லாதவங்களுக்கு தினம் 800 யூனிட் கொடுத்த 2010 ட்ரையல்ல 43 சதவீதம் பேருக்கு லிவர் முன்னேறுச்சு, டம்மி மாத்திரைல 19. ஆனா ஆண்களுக்கு 400 யூனிட்லயே புரோஸ்டேட் கேன்சர் கொஞ்சம் கூடினது 2011-ல தெரிஞ்சுது. எலும்புக்கு இதை நம்பி எடுக்க ஒண்ணும் இல்ல.

ரெஸ்மெட்டிரோம். ஃபேட்டி லிவர் தழும்புக்குன்னே 2024 மார்ச்ல அனுமதி கிடைச்ச முதல் மருந்து. தைராய்டு ஹார்மோன் வழியா வேலை செய்யுது, ஆனா லிவர்ல இருக்கற பீட்டா வகையைத்தான் குறி வைக்குது, எலும்புலயும் இதயத்துலயும் அதிகமா இருக்கற ஆல்ஃபா வகையைத் தொடாம இருக்கறதுக்காகவே அப்படி வடிவமைச்சாங்க. எடை குறைஞ்சா எலும்பு போகும்ங்கற பயம் இருக்கறவங்களுக்கு, எடையைப் பெருசா தொடாம லிவரை மட்டும் பாக்கற இந்த மருந்து ஒரு நல்ல கதவு. தழும்பு இல்லாத வெறும் கொழுப்புக்கு இது கிடையாது.

## வழி 6: பேரியாட்ரிக் சர்ஜரி

எடை குறைக்க வயித்துல பண்ற ஆபரேஷன் இது. லிவருக்கு இதை விட வேகமானது இல்ல, எலும்புக்கு இதை விடக் கடினமானதும் இல்ல. பைபாஸ் வகைல கால்சியம் உறிஞ்சற சிறுகுடல் முதல் பகுதியையே சாப்பாடு தாண்டிப் போயிடுது, அதனால ஸ்லீவை (இரைப்பையை மட்டும் சின்னதாக்கற வகை) விட பைபாஸ்ல முறிவு ஆபத்து அதிகம். வாழ்நாள் முழுக்க கால்சியம் (சிட்ரேட் வகை, வயித்து அமிலம் இல்லாமலும் உறிஞ்சும்), வைட்டமின் டி, ரத்தப் பரிசோதனைன்னு இருக்கணும். பண்ணித்தான் ஆகணும்னா முன்னாடியே ஒரு டெக்ஸா.

## ஒரே பார்வையில

| வழி | லிவருக்கு | எலும்புக்கு | கண்ணுக்குத் தெரியாத செலவு |
|---|---|---|---|
| டயட் மட்டும் | நல்லது | மோசம் | எடை திரும்பும், எலும்பு முழுசா திரும்பாது |
| டயட் + நடை | நல்லது | போறதைத் தடுக்காது | நடந்தாச்சே, போதும்னு நின்னுடறது |
| டயட் + வெயிட் (+ நடை) | நல்லது | இருக்கறதுல பெஸ்ட் | கத்துக்கணும், மெதுவாத்தான் தெரியும் |
| ஊசி | ரொம்ப நல்லது | பயிற்சி இல்லைன்னா மோசம் | புரோட்டீன் குறையும், நிறுத்தினா எடை ஏறும் |
| பயோகிளிட்டசோன் | நல்லது | பெண்களுக்கு ஆபத்து | எடை, வீக்கம் |
| ரெஸ்மெட்டிரோம் | தழும்புக்கு நல்லது | எடை வழியா பாதிப்பு இல்ல | எல்லாருக்கும் பொருந்தாது |
| சர்ஜரி | மிக நல்லது | கடினம், பைபாஸ் இன்னும் | வாழ்நாள் கண்காணிப்பு |

## கால்சியம், டி மாத்திரை போட்டா போதாதா?

போதாது. ரத்தத்துல டி நிஜமாவே குறைவா இருந்தா கண்டிப்பா சரி பண்ணணும். ஆனா குறைபாடுன்னு பாத்து எடுக்காம, பொதுவா ஆரோக்கியமா இருந்த 25,000 பேருக்கு மேல தினம் 2000 யூனிட் டி கொடுத்து அஞ்சு வருஷத்துக்கு மேல பாத்ததுல முறிவு குறையலைன்னு 2022-ல வந்துச்சு. இன்னொண்ணு, வருஷத்துக்கு ஒரு தடவை 5 லட்சம் யூனிட் ஒரே டோஸா வயசான பெண்களுக்குக் கொடுத்தப்ப விழறதும் முறியறதும் கூடிடுச்சு, அது 2010-ல வந்தது. பெரிய டோஸை டாக்டர் கேக்காம வாங்கிப் போடாதீங்க.

## முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்ல வர்ற "கிரேடு" கொழுப்பு எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும், தழும்பு பத்தி ஒண்ணும் சொல்லாது. தழும்புக்கு முதல்ல ஃபிப்-4-ங்கற கணக்கைப் பாருங்க, உங்க வயசு, ரத்தப் பரிசோதனைல வர்ற ஏஎஸ்டி (எஸ்ஜிஓடி), ஏஎல்டி (எஸ்ஜிபிடி), பிளேட்லெட் நாலும் இருந்தா போதும், 1.3-க்குக் கீழ இருந்தா (65 வயசு தாண்டினவங்களுக்கு 2-க்குக் கீழ) முத்தின தழும்புக்கு வாய்ப்பு குறைவு, அவசரமே இல்ல, மெதுவா வழி 3-ல போகலாம். அதுக்கு மேல இருந்தா ஃபைப்ரோஸ்கேன் (லிவர் எவ்வளவு இறுகியிருக்குன்னு அளக்கற ஸ்கேன்) எடுத்து, தழும்பு இருந்தா மருந்தோட சேர்த்துப் போகணும், அப்ப எலும்புக்காக லிவரைத் தள்ளிப் போடக் கூடாது.

டெக்ஸா எல்லாருக்கும் வேண்டாம். மாதவிடாய் நின்னவங்க, லேசா விழுந்து ஒரு தடவை முறிஞ்சவங்க, ஸ்டீராய்டு மாசக்கணக்குல எடுத்தவங்க, அம்மா அப்பாவுக்கு இடுப்பு முறிஞ்சவங்க, வேகமா எடை குறைக்கப் போறவங்க, இவங்க தொடங்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டு எடுத்துக்கோங்க. திரும்ப எடுக்கறது ஒண்ணு ரெண்டு வருஷம் கழிச்சுப் போதும், எலும்பு அவ்வளவு மெதுவாத்தான் மாறும். மைனஸ் 2.5-க்குக் கீழ போயிட்டா எந்தப் பயிற்சியும் மருந்துக்குப் பதில் ஆகாது, எலும்பு மருந்தும் சேர்த்துத்தான். குடிப்பழக்கம் இருந்தா அதை விடறது லிவர், எலும்பு, விழற ஆபத்து மூணையும் ஒண்ணா குறைக்கும், மேல இருக்கற எந்த வழியை எடுத்தாலும் அது முன்னாடி நிக்கணும்.

அக்கா இப்ப எலும்பு மருந்து எடுத்துக்கறா, வாரத்துக்கு ரெண்டு நாள் பிசியோதெரபிஸ்ட் முன்னாடி பயிற்சி பண்றா. முதல் வாரம் கைப்பிடி இல்லாத நாற்காலிலேர்ந்து கையை ஊனாம எழுந்திரிக்கறதே அஞ்சு தடவைக்கு மேல முடியல, தொடை நடுங்கும், சுவரைப் பிடிப்பா. இப்ப ரெண்டு கையிலயும் ஆறு கிலோ வச்சுக்கிட்டு பன்னெண்டு தடவை உக்காந்து எழுந்திரிக்கறா. எடை போன வருஷத்தை விட ரெண்டு கிலோ கூட, எஸ்ஜிபிடி இன்னும் நார்மல்லதான் இருக்கு, அடுத்த டெக்ஸா எட்டு மாசம் கழிச்சு.